ஒரே சக்கரமாக எடுத்துக்கொள்ளவும்

மட்டியூர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்பவன் வாய் அழுகிப்போகும். மூளை இருக்கிறது, தேய்ந்துவிடுமே என்று வெளியே எடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான். அந்த ஊருக்குப் போய் விமான நிலையம் கொடுத்தார்களே, கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

ஓடுதளம் போடும் வேலைக்குப் பொறுப்பு உதவிப் பொறியாளர் தணிகாசலம். ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் சான்றிதழ் வாங்காவிட்டால் சாக்கடைப் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. சாக்கடைப் பிரிவு என்றால் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. தலைமை அலுவலகக் கடிதத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்.

'கனத்த விமானங்கள் இறங்கும்போது தளம் வளைந்து கொடுக்க வேண்டும்' என்றது கடிதம்.

"அப்ப நேரா போடக்கூடாது சார்," என்றார் மேஸ்திரி பொன்னரங்கம். "எத்தனை வளைவு?"

"எண்ணிக்கை போடலையே. ஒன்பது வச்சிடுவோம். ஒருத்தன் குறை சொல்ல முடியாது."

ஒன்பது வளைவோடு ஜல்லியும் தாரும் போட்டு முடித்தார்கள். ஆய்வு அதிகாரி வேதமூர்த்தி வந்த விமானம் அதில் எப்படித்தான் இறங்கியதோ! விமானி முன்பு மலைப்பாதையில் பஸ் ஓட்டியவராக இருக்க வேண்டும். சாப்பாடு தயார் என்றதும் அதிகாரி தளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விமானியையும் கூட்டிக்கொண்டு பந்திக்குப் போனார்.

தணிகாசலம் விமானத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார். பக்கத்துக்கு நாலாக எட்டுச் சக்கரம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை உரக்கப் படித்தார்: 'அருகருகே உள்ள சக்கரங்களின் பாரம் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே சக்கரமாக எடுத்துக்கொள்ளவும்.'

"ஒண்ணுதான் இருக்கணும் பொன்னரங்கம். எட்டு நிக்குதே."

"ஏழைக் கழட்டிட்டா சரியாப்போச்சு. கழட்டினதை என்ன சார் பண்றது?"

"அதான் தெளிவா எழுதியிருக்கே, எடுத்துக்கொள்ளவும்னு. ஆளுக்கொண்ணு வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க."

லாரி ஜாக்கி வந்தது. ஏழு சக்கரமும் ஏழு வீட்டுக்கு உருண்டு போயின. மூக்குக்கு அடியில் இருந்த குட்டிச் சக்கரத்தை மட்டும் பாவம் பார்த்து விட்டுவிட்டார்கள். விமானம் ஒருக்களித்துப் படுத்தது.

ஏப்பம் விட்டபடி வந்த அதிகாரி அப்படியே நின்றார். "என்னய்யா இது, சக்கரத்தைக் காணோம்? நான் எப்படி ஊர் போய்ச் சேர்றது?"

தணிகாசலம் கடிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பதில் தேடினார். பொன்னரங்கம்தான் நிதானமாகக் கேட்டார். "சார், நீங்க பறந்துதானே போறீங்க? பறக்கறதுக்கு எதுக்கு சார் சக்கரம்?"

அதிகாரி வெகுநேரம் யோசித்தார். நம் அதிகாரிகள் யோசித்தால் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியாதா? "நியாயம்தான்" என்று ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"விமானம் மேலே எழும்பட்டும். சான்றிதழை ஜன்னல் வழியா போடுறேன்," என்றார் தணிகாசலத்திடம்.

பின்னால் வந்த விமானி பையை எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டுப் போய்விட்டார்.

தணிகாசலம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஊரையே விமானத்தின் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தம் கட்டித் தள்ளுங்கப்பா. கொஞ்சம் சரிவுல இறங்கிட்டா தானா ஸ்டார்ட் ஆயிடும்."