உழக்குத் தண்ணீரும் மூன்று சிலைகளும்

மேகங்கள் இறங்கி வந்து கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டுப் போன காலம் அது. ஏழுகுள நாட்டுச் சந்தையில் மருதப்பன் தராசு பிடித்தான். அவன் மனைவி தையல்நாயகி உழக்கால் அளந்தாள். “தராசு பொய் சொல்லாது” என்பான் அவன். “உழக்கு மட்டும் சொல்லுமாக்கும்” என்பாள் அவள்.

ஒருநாள் சடைப்பூதன் என்னும் மந்திரவாதி கொண்டுவந்த மூட்டையை நிறுத்து, “எடை குறையுதே, சாமி” என்றான் மருதப்பன். சடைப்பூதன் கோபத்தில் ஒரு பிடி சாம்பலை ஊதினான். மருதப்பன் நின்ற இடத்தில் மூன்று சிலைகள். பெரியது, நடுவானது, சின்னது. மூன்றுக்கும் அவன் முகம், மூன்றும் பொன்னிறம்.

“ஒன்றுதான் உன் புருஷன், அசல் தங்கம். மற்றவை முலாம் பூசிய செம்பும் ஈயமும். பொழுது சாய்வதற்குள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. மாற்றிக் கூப்பிட்டால் நீயும் சிலை.”

தையல்நாயகிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். புருஷன் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை. “இந்தாங்க” என்பதோடு சரி.

“தங்கம்தான் கனம். கனமானதைக் கூப்பிடேன்” என்று சிரித்தான் மந்திரவாதி.

தராசில் ஏற்றினாள். பெரியது ஐந்நூற்று முப்பத்துநான்கு பலம். நடுவானது நானூற்று ஐம்பத்திரண்டு. சின்னது முந்நூற்று எண்பத்தாறு.

பெரியதைப் பார்த்து வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். ஒரு மூட்டைப் பொரி, ஓர் உழக்கு உப்பைவிடக் கனம்தான். அதற்காகப் பொரி கனமான பண்டமாகிவிடுமா?

“ஒரே உழக்குக்கு எவ்வளவு என்று பார்க்கணும்” என்றாள்.

“சிலையை உழக்கில் எப்படியம்மா போடுவாய்? நறுக்கியா?”

“தண்ணீர் சொல்லும், சாமி.”

தாம்பாளத்தின்மேல் அண்டாவை வைத்து விளிம்புவரை தண்ணீர் நிரப்பினாள். பெரிய சிலையை அமிழ்த்தி, வழிந்ததை அளந்தாள். ஆறு உழக்கு. மறுபடி நிரப்பி நடுவானதை அமிழ்த்தினாள். நான்கு. மறுபடி நிரப்பிச் சின்னதை. இரண்டே இரண்டு.

விரல் மடக்கி வகுத்தாள். ஓர் உழக்கு இடத்துக்குப் பெரியதில் எண்பத்தொன்பது பலம். நடுவானதில் நூற்றுப் பதின்மூன்று. சின்னதில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

“கொஞ்ச இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பது எதுவோ, அதுதான் தங்கம்.”

மந்திரவாதியின் சிரிப்பு நின்றது.

அவள் சின்னச் சிலையின் முன் உட்கார்ந்து, கண்ணை மூடி, தனக்கே கேட்காத குரலில் சொன்னாள். “மருதப்பா.”

பொன் நெகிழ்ந்தது, புருஷன் எழுந்தான். மந்திரம் திரும்பிப்போய்ச் சடைப்பூதனையே பிடித்தது. உருவம் அப்படியே இருக்க, எடை மட்டும் கழன்றுவிட்டது. இலவம்பஞ்சாகக் காற்றில் எழும்பி, ஏழு குளத்தையும் தாண்டிப் பறந்து போனான்.

“யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாற்போல இருந்ததே?” என்றான் மருதப்பன்.

“தண்ணீர் கூப்பிட்டிருக்கும்.”

“சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லு.”

சொன்னாள். அப்புறம் எத்தனையோ வருஷம், அவன் காது மந்தமான பிறகும், சொல்லிக்கொண்டே இருந்தாள்.