வண்டியைப் புகழ்ந்த நாச்சம்மா

கோயம்புத்தூரில் பழைய கார் விற்கிற துரைக்கண்ணனுக்குத் தான் சொல்வதை எல்லோரும் நம்பியே ஆகவேண்டும் என்று நினைப்பு. அவர் கடையில் கார் கழுவுகிறவள் நாச்சம்மா.

ஒரு நாள் சகாயமேரி என்ற நர்ஸ், அங்கே நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஆசையாகப் பார்க்க வந்தார். துரைக்கண்ணன் நாச்சம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு, "அந்த அம்மாகிட்ட வண்டியைப் புகழ்ந்து சொல்லு. ஒரு குறை சொன்னே, நாளைக்கு வேலை கிடையாது" என்று உறுமினார்.

அந்த வண்டியின் கதை நாச்சம்மாவுக்குத் தெரியும். நடுரோட்டில் பிரேக் பிடிக்காமல் போனால் சாகப்போவது இந்தப் பெண்தானே!

நேரே போய்ச் சொன்னாள்: "அருமையான வண்டிங்க, மேடம். வெள்ளத்துல மூணு நாள் முழுகிக் கிடந்துச்சு. அப்படியும் என்னமா மின்னுது பாருங்க!"

சகாயமேரி சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். அடியில் காய்ந்த சேறு அப்பியிருந்தது.

"உயிரோட விளையாடுறீங்களா?" என்று துரைக்கண்ணனிடம் சீறிவிட்டு வெளியேறினார்.

"நீயும் வெளியே போடி!" என்று கத்தினார் துரைக்கண்ணன்.

"போறேனுங்க. ஆனா வாசலுக்கு எதிர்லதான் நிப்பேன். அடுத்து வர்றவங்ககிட்டயும் இந்த வண்டியைப் புகழணுமில்ல?" என்றாள் நாச்சம்மா.