ஓ.டி.பி. கேட்ட டாக்சி

கம்ப்யூட்டர் கேம் கம்பெனி முதலாளி ஒருவர் இசக்கியப்பனின் கால் டாக்சியில் ஏறி ஓ.டி.பி. சொன்னார். வண்டி கிளம்பியதும் தன் கேமின் பெயரைச் சொல்லிப் போனில் முழங்கினார்: "கேம் வாங்கினவன்கிட்ட ஒவ்வொரு தடவை விளையாடும்போதும் ஓ.டி.பி. கேளுங்க. எல்லாம் திருட்டுப் பசங்க!"

அந்த கேமைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, ஏற்கெனவே அது கேட்கிற பாஸ்வேர்டுகளால் பாதி நாள் திறக்க முடியாமல் தவிக்கிறவன் இசக்கியப்பன். சிக்னல் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினான்.

"ஓ.டி.பி. சொல்லுங்க சார்."

"ஏறும்போதே சொன்னேனேப்பா!"

"அது அப்போ. இப்பவும் நீங்கதானான்னு பார்க்கணும்ல?"

அடுத்த சிக்னலிலும் கேட்டான். முதலாளி கொதித்தார். "காசு கொடுத்துத்தானே வர்றேன்? என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?"

"நானும் காசு கொடுத்துத்தான் சார் உங்க கேமை வாங்கினேன். என்னைப் பார்த்தா?"

முதலாளி இறங்கியதும் டாக்சி கம்பெனியில் புகார் கொடுத்தார். மறுநாள் காலையிலிருந்து, அந்த கேமைப் போலவே, டாக்சி ஆப்பும் இசக்கியப்பனுக்குத் திறக்கவில்லை.