எடுக்காமல் விட்ட சிரிப்பு

“நான் இப்போதைக்குச் சாகமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க தாயே.”

வந்து உட்காரக்கூட இல்லை. செருப்பைக் கழற்றியதும் தணிகாசலம் கேட்டது இதைத்தான்.

பச்சையம்மாள் மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அந்த வார்த்தை எங்கிட்ட இல்லீங்க ஐயா. மோர் இருக்கு. குடிக்கிறீங்களா?”

தணிகாசலம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

தென்பெண்ணை ஆற்றங்கரையில் புங்க மரங்களுக்கு நடுவே இருந்தது அவள் குடிசை. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அவளைத் தாயி என்பார்கள். மனசு சரியில்லாதவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். உபதேசம் கேட்டு வந்தவர்களுக்குச் சாணி அள்ளும் வேலை கிடைக்கும். தணிகாசலத்துக்கு அவள் மகள் வயதுதான். ஆனால் பயந்து வந்தவர் வயதா பார்ப்பார்?

தணிகாசலத்தைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. பெயர்தான் பலருக்குத் தெரியாது.

பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெண் வேஷம் கட்டி ஆரம்பித்தவர். சினிமாவுக்கு வந்த பிறகு கதாநாயகனின் அப்பா, நேர்மையான தாசில்தார், ஊர்ப் பெரியவர் என்று எதுவாக வந்தாலும் இடைவேளைக்குள் செத்துவிடுவார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மகனைப் பாசமாக ஒரு பார்வை பார்த்தாரென்றால் போதும், கொட்டகையின் முன்பெஞ்சிலிருந்து குரல் வரும்: “போச்சுடா, பெருசு காலி!”

சாவதற்கென்றே அவரைக் கூப்பிட்டார்கள். அவரும் குறை வைக்காமல் செத்தார். மூடிய இமைக்குள் கருவிழியைக் கீழே இறக்கிக்கொண்டால் இமை துடிக்காது. மூச்சை முதுகுப் பக்கமாக வாங்கினால் நெஞ்சு அசையாது. இதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அப்படிப்பட்ட மனிதர்தான் இப்போது சாவுக்குப் பயந்து மோர்ச் செம்போடு மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

“என்னதான் ஆச்சு?” என்றாள் பச்சையம்மாள்.

“ஷாட் ஒண்ணை எடுக்காம விட்டுட்டாங்க தாயே.”

“அதுக்கா சாவீங்க?”

“அது சும்மா ஷாட் இல்ல. எங்க தொழில்ல ஒரு வழக்கம். யாராவது பொணமா நடிச்சா, சீன் முடிஞ்சதும் கேமராவை நிறுத்த மாட்டாங்க. ‘சார், கண்ணைத் தொறந்து ஒரு சிரிப்பு சிரிச்சிடுங்க’ன்னு சொல்லுவாங்க. மாலையோட, நெத்திக் காசோட, படுத்த எடத்துலயே கேமராவைப் பாத்துச் சிரிக்கணும். அது படத்துல வராது. எமனுக்குக் காட்டுறதுக்குத்தான். இவன் சும்மா படுத்திருந்தான், நெசமில்லன்னு.”

“இத்தன நாளும் சிரிச்சீங்களா?”

“சிரிக்காம எழுந்ததே இல்ல. இந்தத் தடவை வெளிப்புறப் படப்பிடிப்பு. என்னைப் பாடையில கெடத்தி, சுத்தி நின்னு அழுதுட்டிருந்தாங்க. ‘கட்’ சொன்னதும் பேய் மழை புடிச்சுக்கிச்சு. அவனவன் கேமராவத் தூக்கிக்கிட்டு ஓடுனான், குடையத் தூக்கிக்கிட்டு ஓடுனான். நான் கண்ணை மூடியே கெடக்கேன். சிரிக்கச் சொல்லுவாங்க, சொல்லுவாங்கன்னு. மூஞ்சியில மழை அடிக்குது. கண்ணத் தொறந்து பாத்தா ஒருத்தருமில்ல. பாடையும் நானும்தான்.”

மழை இன்னும் அடிப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மறுநாள் கேட்டு வாங்கியிருக்கலாமே.”

“கேட்டேன். டைரக்டர் சின்னப் பையன். ‘சார், நீங்க இதெல்லாமா நம்புறீங்க?’ன்னு சிரிச்சான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சும்மா வெளையாட்டுக்குக் கேட்டேன் தம்பின்னேன்.”

“நல்லா சொன்னீங்களா?”

“நல்லாத்தான் சொன்னேன். நம்பிட்டான்.”

பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சிரிக்கிற விஷயமில்லைதான். அன்றிலிருந்து தணிகாசலம் படுக்கவில்லை. படுத்தால் எழ மாட்டோம் என்ற எண்ணம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. சாய்வு நாற்காலியிலேயே தூங்கி வழிந்தார். முதுகுவலி என்று நம்பி அவர் மனைவி மரகதம் தைலம் தேய்த்துவிட்டாள். அவளிடம் நிஜத்தைச் சொல்லவும் பயம். சொல்லிவிட்டால் அது உறுதியாகிவிடும்போல் இருந்தது. கண் அசந்தால் ஒப்பாரி கேட்டது. அந்தக் காலத்தில் வில்லனாக நடித்த ஒருவர் இப்படித்தான் சிரிக்க மறந்து வீட்டுக்குப் போனார், அடுத்த அமாவாசையைப் பார்க்கவில்லை என்று மேக்கப் அறையில் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, பல வருஷம் கேட்டுக் கேட்டு ரத்தத்தில் ஊறிப்போன கதை.

“நேத்து ஒரு கம்பெனியில கூப்பிட்டாங்க. வேணாம்னுட்டேன். அதுலயும் படுக்கணும். இப்படியே போனா தொழிலும் போயிடும், உசுரும் போயிடும் தாயே.”

பச்சையம்மாள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“அவ்வளவுதானே? வாங்க, எடுத்துடுவோம்.”

“எதை?”

“விட்டுப்போன ஷாட்டை.”

“கேமரா?”

“எமனுக்குக் கேமராவுலதான் கண்ணு தெரியுமா?”

தணிகாசலம் யோசித்தார். அதுவும் சரியாகத்தான் பட்டது. ஆனால் மரத்தடியில் கிடந்த பெஞ்சை அவள் இழுத்துப் போட்டதும் அவர் இரண்டடி பின்னால் போனார்.

“தாயே, படுத்த உடனே ‘சிரிங்க’ன்னு சொல்லிடணும்.”

“சொல்றேன்.”

“லேட் பண்ணக் கூடாது.”

“நான் சொல்றேன்ல? தலையைத் தெக்க வைங்க.”

“தெக்கயா?”

“அன்னிக்கு எப்படி வச்சாங்க?”

“தெக்கதான்.”

“அப்புறம் என்ன?”

பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தார். கையை ஊன்றினார். எழுந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை.

“முடியல தாயே.”

அவள் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். ஆற்றுப்பக்கமிருந்து காற்று வந்தது. கடைசியில், இத்தனை தூரம் வந்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போவதா என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணை இறுக்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தார்.

பச்சையம்மாள் வேலையை ஒழுங்காகச் செய்தாள். ஒரு பழைய வேட்டியின் கரையைக் கிழித்துத் தாடையைச் சேர்த்துக் கட்டினாள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். செம்பருத்தியும் அரளியும் பறித்து வந்து மார்பில் போட்டாள். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை வைத்தாள். காசு சில்லென்று இருந்தது. இதெல்லாம் அவருக்குப் பழக்கம்தான். ஆனால் சுற்றி ஆட்கள் இருப்பார்கள், லைட்டுச் சூடு இருக்கும், யாராவது டீ டீ என்று கத்திக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒன்றுமில்லை. காக்கை மட்டும் கத்தியது.

இதோ சொல்வாள் என்று காத்திருந்தார்.

அவள் சொல்லவில்லை.

துடைப்பம் வாசலைப் பெருக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மறந்துவிட்டாளா? எழுந்து ஓடிவிடலாமா? சிரிக்காமல் எழுந்தால் இரண்டாவது தோஷம். ஒன்றுக்கே இந்தப் பாடு. இருந்தாலும் அத்தனை வருஷத்துப் பழக்கம், இமை துடிக்கவில்லை, நெஞ்சு அசையவில்லை. அதுவே அவரை இன்னும் பயமுறுத்தியது.

தொப்பென்று ஏதோ விழுந்தது. புல் வாசனை வந்தது.

“ஐயோ தாயி! யாரு இது?”

பெண் குரல். மாட்டுக்குப் புல்லுக்கட்டு கொண்டுவரும் அஞ்சலாட்சி அவள். தணிகாசலத்துக்கு அது தெரியாது. குரல் மட்டும்தான் தெரிந்தது.

“பாரு, தெரியுதான்னு,” என்றாள் பச்சையம்மாள்.

குரல் நெருங்கி வந்தது. வெற்றிலை மணத்தது.

“அட, சினிமாவுல சாவுறவரு! இன்னுமா இருந்தாரு? இவரு எப்பவோ போயிட்டாருன்னுல்ல நெனச்சிருந்தேன்!”

எப்போதோ போய்விட்டேனா? அந்த மழையிலேயே போய்விட்டேனா? கார் பிடித்து வந்தது, மோர் குடித்தது எல்லாம் என்ன? சுண்டுவிரலை அசைத்துப் பார்த்தார். அசைந்ததா, அசைந்ததாக நினைத்தோமா என்று தெரியவில்லை. கத்தலாம் என்றால் தாடை கட்டியிருந்தது. வாழ்க்கையில் அவர் அப்படிப் பயந்ததில்லை.

“எப்ப தாயி?”

“இப்பத்தான் படுத்தாரு.”

“சொந்தம்னு யாரும் வரலையா?”

“இங்க யாரும் வரல.”

“பாவமே. எத்தன பேரு அழுது பாத்திருப்பேன் இவரச் சுத்தி. இப்படி அநாதையா கெடக்காரே.”

வளையல் சத்தம். அவள் அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது.

“தாயி.”

“சொல்லு.”

“நான் இங்க கொஞ்சம் அழுதுக்கட்டுமா?”

“அவருக்காகவா?”

“இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு.”

பச்சையம்மாளின் காலடி நெருங்கி வந்தது. அஞ்சலாட்சியே சொன்னாள்.

“போர்வெல் லாரியில வடக்க போனவரு. வண்டி கவுந்துடுச்சின்னு போன் வந்துச்சு. வழியெல்லாம் வெள்ளம், கொண்டாற முடியாதுன்னு அங்கயே பொதைச்சிட்டாங்க. நாங்க போட்டோவ வச்சுத்தான் காரியம் பண்ணோம். எல்லாரும் ‘அழுவுடி, அழுவுடி’ன்னாங்க. போட்டோவப் பாத்து எனக்கு அழுகையே வரல தாயி. புடிச்சுக்கிட்டு அழுவ ஒரு காலாவது வேணும்ல?”

“புடிச்சுக்கோ,” என்றாள் பச்சையம்மாள்.

இரண்டு கைகள் அவர் பாதத்தைப் பிடித்தன. காய்த்துப்போன, சூடான கைகள்.

முதலில் சத்தமே வரவில்லை. பிடி மட்டும் இறுகிக்கொண்டே போயிற்று. தணிகாசலத்துக்கு அழுகையைப் பற்றித் தெரியும். கிளிசரின் அழுகை தெரியும், கூலிக்கு அழுகிற அழுகை தெரியும், நல்ல நடிகைகள் அழுகிற அழுகையும் தெரியும். இது அதிலெல்லாம் சேராது.

“என்னய்யா இப்படிப் பண்ணிட்டே?” என்றாள் அவள். பாதத்தோடுதான் பேசினாள். “சொல்லாம போயிட்டியே. செருப்பு வாங்கிக்கய்யான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? பாரு, எப்படி வெடிச்சுக் கெடக்குன்னு பாரு. வெளக்கெண்ண தடவிவிட்டா கூச்சம் கூச்சம்னு இழுத்துக்குவியே. இப்ப இழேன். இழுத்துக்கோயேன்யா.”

அவருடைய குதிகால் வெடிப்பை அவள் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கூசியது. தணிகாசலம் காலை இழுக்கவில்லை.

அவள் நெற்றியைப் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. மரத்திலிருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. அவர் பாதம் நனைந்தது, கட்டிய விரல்களுக்கு நடுவே ஈரம் இறங்கியது. அவருக்கும் அழுகை வந்தது. பிணம் அழக் கூடாது என்று விழுங்கினார். கருவிழியைக் கீழே இறக்கிக்கொண்டார். மூச்சை முதுகுப் பக்கமாக, மெல்ல மெல்ல வாங்கினார். இத்தனை படங்களில் அவர் இவ்வளவு கவனமாகச் செத்ததில்லை.

காதருகே ஒரு மூச்சு பட்டது. பச்சையம்மாள் குனிந்திருந்தாள்.

“ஐயா,” என்றாள் ரகசியமாக. “இப்பச் சிரிங்க.”

தணிகாசலம் கண்ணைத் திறக்கவில்லை. தாடைக்கட்டுக்குள்ளிருந்து, உதடு அசையாமல் பதில் வந்தது.

“கொஞ்சம் இருங்க தாயே. அந்தம்மா இன்னும் அழுது முடிக்கல.”