அளக்காமல் பாதி

ராஜாக்கள் தூங்கி எழுந்து சொன்னதெல்லாம் சட்டமாக இருந்த காலம் அது.

"யோவ், இறங்குய்யா! மகாராஜாவின் விதானத்திலேயே கை வைக்கிறாயா?" காவலன் ஈட்டியை ஓங்கினான். "விடு, பார்க்கலாம்" என்றார் ராஜா.

விகடகவி தில்லைக்கூத்தன் நந்தவனத்து ஆசனத்துக்கு மேலே தொங்கிய பட்டு விதானத்தின் கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான். பொழுது சாய்வதற்குள் வேலை முடியாவிட்டால், நிறைமாத மனைவியோடு அவன் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும்.

ராஜாவுக்குக் கொஞ்ச நாளாகவே ஓர் ஆசை. அவருடைய நந்தவனம் ஆறு பக்கமும் சமமான அறுகோணம். மூலைக்கு ஒரு செண்பக மரம். அதில் சரிபாதியை அம்மனுக்குக் கொடுக்க வேண்டும். இன்று காலை சபையில் பிரதானி விருப்பாட்சி எழுந்து நின்றார். "பிரபு, தெய்வத்துக்குக் கொடுப்பதை அளந்து கொடுக்கலாகாது. கோல் படக்கூடாது. நடு மையம் பிரம்மஸ்தானம். அதன் குறுக்கே கோடு போகவும் கூடாது. நம் விகடகவி பிரித்துத் தரட்டும். முடியாவிட்டால் நாடு கடத்துங்கள்." ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

கீழே குதித்த தில்லைக்கூத்தன் ஒரு நீளமான பூச்சரத்தை எடுத்தான். ஒரு செண்பகத்தில் கட்டினான். அடுத்த மரத்தை விட்டுவிட்டு அதற்கடுத்ததில் சுற்றினான். இப்படியே ஒன்றுவிட்டு ஒன்றாகப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்தபோது, நந்தவனத்துக்குள் ஒரு பெரிய முக்கோணம் நின்றது.

"உள்ளே இருப்பது அம்மனுக்கு. மையமும் கீறல் படாமல் அவளுக்கே. வெளியே உள்ள மூன்று துண்டும் மகாராஜாவுக்கு."

விருப்பாட்சி கையைத் தட்டிச் சிரித்தார். "இவ்வளவு பெரிய நடுவை அங்கே கொடுத்துவிட்டு, மகாராஜாவுக்கு ஒட்டுத்துணி மாதிரி மூன்று மூலையா? கண் அவிந்துபோச்சா உனக்கு?"

"நன்றாகவே தெரிகிறது சாமி. உங்களுக்கும் தெரியட்டும்."

விதானத்தைத் தரையில் விரித்தான். நந்தவனத்தை அப்படியே சுருக்கித் தைத்த அறுகோணம் அது. பூச்சரம் போன அதே கோடுகளில் மூன்று மூலைகளையும் உள்ளே மடித்தான். மூன்று நுனிகளும் நட்ட நடுவில் வந்து தொட்டுக்கொண்டன. அடியிலிருந்த முக்கோணத்தில் ஒரு நூலளவுகூட வெளியே தெரியவில்லை; மூலைமேல் மூலை ஏறவும் இல்லை.

"மூன்று துண்டும் சேர்ந்தால் முக்கோணம் மூடிவிடுகிறது. இரண்டும் சமம், பிரபு. கோல் எங்கே பட்டது?"

ராஜா மண்டியிட்டு மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

"ஒன்று சொல். பிரதானி நிபந்தனை போட்டபோது உன் முகம் கொஞ்சம்கூட மாறவில்லையே, எப்படி?"

"அந்த யோசனையை அவர் காதில் போட்டது யார் என்று கேளுங்கள், பிரபு."

விருப்பாட்சி ராஜா பக்கம் திரும்பினார். "அது... எனக்கு வெற்றிலை மடித்துத் தருகிற சிங்காரம். இதற்கு விடையே கிடையாது என்று சத்தியம் பண்ணினானே!"

"நான்தான் பண்ணச் சொன்னேன்" என்றான் தில்லைக்கூத்தன் பிரதானியிடம். "எப்படியும் எனக்கு ஒரு குழி வெட்டத்தான் போகிறீர்கள். எனக்கு ஏறி வரத் தெரிந்த குழியாக இருக்கட்டுமே என்று பார்த்தேன்."