முப்பத்தோராவது உருண்டை

"சாமி, இன்னும் மூணு கிலோ போகவே மாட்டேங்குதுங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

மடத்துப் படி ஏறி வந்ததும் வராததுமாகக் கோகிலவாணி கேட்டது இதைத்தான்.

சாமியம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருபத்தெட்டு வயது. கோகிலவாணியைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் மலையடிவாரத்து அந்த மடத்துக்கு அவர்தான் குரு. சுற்று வட்டாரமே அவரைச் சாமி என்று கூப்பிடும். அவரோ வருகிறவர்களை அக்கா, அண்ணா என்பார்.

"இதுவரைக்கும் எவ்வளவு போச்சுங்க அக்கா?"

"பதினேழு கிலோ! நாலே மாசம். இந்த ஜாக்கெட்டை மூணு தடவை பிடிச்சுத் தைச்சாச்சுங்க."

"எப்படி?"

"காலையில டிபனுக்குப் பதிலா எடை குறைக்கற பவுடர். மத்தியானம் வெள்ளரிக்காய். பொழுது சாஞ்சா ஒரு டம்ளர் சீரகத் தண்ணி. செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் வெறும் எலுமிச்சம்பழத் தண்ணி. போன்ல குரூப் வெச்சிருக்கோமுங்க. தினமும் எடை பார்த்து போட்டோ அனுப்பணும். போன வாரம் நான்தான் ஃபர்ஸ்ட்."

"மயக்கம்?"

கோகிலவாணியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்களுக்கு யாருங்க சொன்னா?"

"தூணைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நிக்கறீங்க."

கையை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவை விழுந்தேன். முடி கொத்தா வருது. மாசாமாசம் வர்றது மூணு மாசமா வரலை. அதெல்லாம் உடம்பு சுத்தமாகுதுன்னு குரூப்ல சொல்றாங்க. கொழுந்தனார் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தானுங்க இருக்கு. போன கல்யாணத்துல, 'இந்தப் புள்ள ஏறுனா மேடை தாங்குமா'ன்னு கேட்டவங்க மூஞ்சியை நான் பார்த்தாகணும். மூணே மூணு கிலோ, சாமி."

சாமியம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"மொதல்ல துலாபாரம் முடியட்டும்."

வாசலில் கோகிலவாணியின் மகள் சஷ்டிகா நின்றிருந்தாள். இன்று அவளுக்குப் பன்னிரண்டு வயது நிறைகிறது.

ஏழாம் மாதத்தில் பிறந்தவள் அவள். ஒன்றேகால் கிலோ. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டு கோகிலவாணி வேண்டிக்கொண்டாள். இது பிழைத்துவிட்டால், பன்னிரண்டு வயது வரைக்கும் பிறந்தநாள்தோறும் இந்த மடத்துக்குக் கூட்டி வந்து, எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிறேன்.

பிழைத்தது.

முதல் வருஷம் ஏழு உருண்டை. ஒன்பதாவது வருஷம் இருபத்தாறு. பத்தாவது வருஷம் இருபத்தெட்டு. போன வருஷம் முப்பத்தொன்று. ஆலையில் சொல்லிவைத்து, உருண்டை ஒரு கிலோவாகப் பிடித்த வெல்லம். மலையேறுகிறவர்களுக்கு மடத்தில் அதில்தான் பொங்கல் ஆகும். அந்த எண்ணிக்கைகள் கோகிலவாணிக்குத் தன் கல்யாணத் தேதியைவிட நன்றாக நினைவிருக்கும்.

இது கடைசி வருஷம். முப்பத்தைந்து உருண்டை கொண்டுவந்திருந்தாள். போதாமல் போனால் என்ன செய்வது என்றுதான் வழியெல்லாம் அவளுக்குக் கவலை.

"ஏறு கண்ணு" என்றாள் கோகிலவாணி.

சஷ்டிகா மடத்துப் பெரிய தராசருகே போய் நின்றாள்.

"அம்மா, கொலுசைக் கழட்டிரட்டா?"

"எதுக்குடி? ஆத்தாளுக்கு வெல்லம் மிச்சம் பண்றியாக்கும்?"

மகள் சிரிக்கவில்லை. கொலுசைக் கழற்றினாள். வளையலைக் கழற்றினாள். தலையிலிருந்த கிளிப்பையும் எடுத்து வைத்தாள். பிறகு மூச்சை முழுக்க ஊதி வெளியே விட்டுவிட்டு, தட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சாமியம்மா அதைப் பார்த்தார். கோகிலவாணி பார்க்கவில்லை. அவள் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

தராசுச் சட்டத்தைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். வெல்லம் ஏற்றிய பிறகுதான் அவிழ்ப்பது வழக்கம்.

"போன வருஷத்து முப்பத்தொண்ணை அப்படியே வெச்சிரலாமுங்க சாமி. அதுக்கு மேல எத்தனைன்னுதானே பார்க்கணும்."

ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தாள். இருபதில் கீழே உட்கார்ந்துவிட்டாள். சாமியம்மா உதவிக்கு வரவில்லை. கோகிலவாணி எழுந்து, முப்பத்தோராவது உருண்டையை உச்சியில் வைத்தாள்.

சாமியம்மா கயிற்றை அவிழ்த்தார்.

வெல்லத் தட்டு தரையில் தொம்மென்று இறங்கியது. சஷ்டிகா இருந்த தட்டு விசுக்கென்று மேலே போயிற்று. அவள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.

"தராசுல ஏதோ கோளாறுங்க" என்றாள் கோகிலவாணி.

"ஆட்டிப் பாருங்க."

ஆட்டினாள். தொட்டில் மாதிரி லேசாக ஆடியது. ஆடி முடித்து, பழையபடியே போய் நின்றது. வெல்லம் கீழே, மகள் மேலே.

"அப்போ ஆலைக்காரன் உருண்டையைப் பெருசாப் பிடிச்சுட்டான்."

சாமியம்மா உச்சியிலிருந்த உருண்டையை எடுத்து அவள் வலது கையில் வைத்தார். மடத்தின் ஒரு கிலோ இரும்புக் கல்லை இடது கையில் வைத்தார்.

"எது கனம்?"

கோகிலவாணி இரண்டையும் ஏந்திக்கொண்டே நின்றாள். இரண்டும் ஒரே கனமாக இருந்தன.

சாமியம்மா கல்லை வாங்கிக்கொண்டார். உருண்டையைத் தூண் ஓரமாக வைத்தார்.

"இன்னொண்ணு எடுங்க."

எடுத்தாள். முப்பது போய் இருபத்தொன்பது ஆயிற்று. தட்டு அசையவில்லை.

"எடுங்க."

இருபத்தெட்டு. அது பத்தாவது பிறந்தநாள். சஷ்டிகா சைக்கிள் பழகிய வருஷம்.

தட்டு அசையவில்லை.

"எடுங்க."

"சாமி, போதுமுங்க."

"எடுங்க அக்கா."

இருபத்தேழு. தட்டு தரையைவிட்டு எழும்பி, மறுபடி படிந்தது.

ஒவ்வொரு உருண்டையை எடுக்கும்போதும் பிள்ளை வயதில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். இப்படியே எடுத்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது.

இன்னொன்றை எடுத்தாள்.

தட்டு மெதுவாக மேலே வந்தது. எதிர்த்தட்டு மெதுவாகக் கீழே இறங்கியது. இரண்டும் சமமாக நின்றன.

இருபத்தாறு. ஒன்பதாவது பிறந்தநாள்.

"எத்தனைம்மா?" என்று கேட்டாள் சஷ்டிகா.

"இருபத்தாறு."

சஷ்டிகாவின் முகம் மலர்ந்தது.

"அஞ்சு கிலோ! அம்மா, போட்டோ எடும்மா. உன் குரூப்புல போடு."

கோகிலவாணி மகளைப் பார்த்தாள். நாலு மாதத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். கழுத்தெலும்பைப் பார்த்தாள். ஓரமாகக் கழற்றி வைத்த கொலுசைப் பார்த்தாள். தினமும் விடிந்ததும் கோகிலவாணி தன் கொலுசையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு, மூச்சை ஊதி வெளியே விட்டுத்தான் எடை மிஷினில் ஏறுவாள். கட்டிலில் மகள் தூங்கிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தாள்.

"டிபன் பாக்ஸ் காலியாத்தானேடி வந்துச்சு?"

"பள்ளிக்கூடத்துல காக்காய்க்குப் போட்டுருவேன். நீயும்தானே உன் சோத்தை நாய்க்குப் போடறே?"

"பவுடர்?"

"ஒரு கரண்டிதான். நீ குளிக்கப் போறப்ப. பசிச்சா தண்ணி குடிச்சாப் போதும்னு நீ போன்ல சொன்னியே, அதையும் செஞ்சேன்."

கோகிலவாணியின் கை ஓங்கியது.

"அக்கா."

கூப்பிட்டது சாமியம்மா. ஓங்கிய கை தூணைப் பிடித்துக்கொண்டது.

"என் நேர்த்திக்கடன் முடிஞ்சுதுங்களா, சாமி?"

"முடியலீங்க."

"நான் என்ன பண்ணட்டும்?"

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரெண்டு பேரும்."

"அதுக்கு முன்னாடி? இப்போ?"

சாமியம்மா தூண் ஓரமாக இருந்த முப்பத்தோராவது உருண்டையை எடுத்தார். படிக்கல்லில் தட்டி உடைத்தார். நெல்லிக்காய் அளவு ஒரு துண்டை எடுத்துக் கோகிலவாணியின் கையில் வைத்தார்.

கோகிலவாணி அதை மகள் வாயருகே கொண்டுபோனாள்.

"தின்னு கண்ணு. என் தங்கமில்ல. ஒரே ஒரு வாய்."

சஷ்டிகா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

"இனிப்பு தொட்டா நாலு நாள் பாடு வீணாப் போயிரும்னு நீதானே சொன்னே?"

"நான் சொன்னது எனக்குடி. உனக்கில்லை."

"நானும் உன்னை மாதிரிதான்."

கோகிலவாணி சாமியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கையில் வெல்லம் பிசுபிசுத்தது.

சாமியம்மா மிச்ச வெல்லத்தைக் கீழே வைத்தார். அருகே வந்து கோகிலவாணியின் மணிக்கட்டைப் பிடித்தார். மகளை நோக்கி நீண்டிருந்த கையை மெதுவாகத் திருப்பி, அவள் வாயருகே கொண்டுவந்து விட்டார். பிறகு முறத்தருகே போய் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினார்.

வெல்லம் வாயருகே இருந்தது. பதினெட்டு நாள். மேடை. மூணு கிலோ.

தட்டில் உட்கார்ந்தபடியே சஷ்டிகா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை.

கோகிலவாணி வாயைத் திறந்தாள். போட்டுக்கொண்டாள். மென்றாள். சஷ்டிகாவின் பார்வை அம்மாவின் வாயிலிருந்து தொண்டைக்கு இறங்கியது.

விழுங்கினாள்.

தராசுச் சங்கிலி கிணுகிணுத்தது. இரண்டு தட்டுகளும் ஆடின.

சஷ்டிகா கையை நீட்டியிருந்தாள்.