ஒன்பதாயிரம் வேலி நாடு

கருங்கரட்டு நாட்டுத் தூதர் இரணியசிங்கர் தம் நாட்டைச் சுருட்டி, இரண்டு எருதுகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு நெல்வாய் நாட்டுக்கு வந்து சேர்ந்தார். நாடு என்றால் நாட்டின் படம்தான். துணியில் எழுதியது. அதைச் சபையில் விரிக்கச் சொன்னார். சேவகர்கள் விரித்தார்கள், விரித்தார்கள், விரித்துக்கொண்டே வாசல் தாண்டிக் குதிரை லாயம் வரைக்கும் போய்விட்டார்கள். அமைச்சர் அம்பலக்கூத்தரின் காலடியிலும் ஒரு மூலை வந்து விழுந்தது. குனிந்து பார்த்தார். 'பாறை' என்று எழுதியிருந்தது.

நெல்வாய் அரசன் வழுதிமாறனும் விட்டுக்கொடுக்காமல் தன் நாட்டுப் படத்தைக் கொண்டுவரச் சொன்னான். அது முகம் துடைக்கிற துண்டளவு இருந்தது. தூதர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"எங்கள் நாடு ஒன்பதாயிரம் வேலி நிலம். உங்களுடையது ஆயிரம் வேலி. எல்லையில் இருக்கும் நாகதாளி ஏரித் தண்ணீரை இத்தனை காலமும் பாதிப் பாதியாகப் பங்கிட்டது என்ன நியாயம்? இனி நிலப்பரப்பின்படி பங்கு. பத்தில் ஒன்பது எங்களுக்கு, ஒன்று உங்களுக்கு. முடியாது என்றால் எங்கள் மன்னர் கண்டராயர் படையோடு வந்து பேசுவார்."

அம்பலக்கூத்தர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் நாற்றங்காலுக்கே காணாது. விளைகிற நெல் அத்தனையும் கதிர் வாங்குமுன் கருகும். நாட்டு ஜனம் முழுக்க வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டியதுதான். சண்டைக்குப் போகலாம் என்றால் நெல்வாய்ப் படையில் இருந்ததே நாற்பது பேர். நடவு நாளில் அவர்களும் வயலில் நிற்பார்கள். ஆனாலும் மனிதருடைய வாய் இருக்கிறதே, அது பயந்து பழகாத வாய்.

"தூதுவர் சொல்வது நியாயம்தான், அரசே" என்றார்.

அரசன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"ஒரே ஒரு ஐயம். பரப்பின்படி பங்கு என்பது தண்ணீருக்கு மட்டுமா? ஏரியைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் உண்டா?"

தூதருக்கு ஏரி மீன் நினைவுக்கு வந்தது. கரைக் கோரை நினைவுக்கு வந்தது. வயலுக்கு எருவாகும் வண்டல் மண்ணும் வந்தது. விடுவாரா?

"எல்லாவற்றுக்கும்தான்! இப்போதே ஓலையில் எழுதும்!"

எழுதினார்கள். இரண்டு பக்கமும் முத்திரை விழுந்தது. வழுதிமாறன் தன் கழுத்திலேயே குத்திக்கொள்வது போல முத்திரையைக் குத்தினான்.

"ரொம்ப நல்லது" என்றார் அம்பலக்கூத்தர். "நாளை மறுநாள் சித்திரை ஒன்று. ஏரி தூர்வாரத் தொடங்குகிற நாள். இதுவரை தண்ணீர் பாதி, வேலையும் பாதி. இனி வேலையும் பரப்பின்படிதானே? எங்கள் வழக்கம் வேலிக்கு ஓர் ஆள். எங்கள் ஆயிரம் வேலிக்கு ஆயிரம் பேர் மண்வெட்டியும் கூடையுமாக விடியுமுன் நிற்பார்கள். கோயில் நிலத்துக்காக ஓதுவாரே கூடை சுமக்கிறார். உங்கள் ஒன்பதாயிரம் பேரும் எப்போது வருகிறார்கள்? மோர் கரைக்கவேண்டும், முன்கூட்டிச் சொன்னால் சௌகரியம்."

"ஒன்பதாயிரம் பேரா?" தூதரின் குரல் கீச்சிட்டது. "படையையும் சேர்த்தால்கூட எங்கள் நாட்டில் திடமான ஆள் ஆயிரத்து இருநூறு தேறாதே ஐயா!"

"படையும் வரட்டும். மண் சுமந்து முடிக்கிற வரைக்கும் அவர்களுக்கு வேறு ஜோலி இருக்காது. ஆனால் ஆள் குறைந்தால் அந்தப் பக்கத்து மதகைத் திறப்பதில்லை. அது உங்களுக்கும் தெரிந்த ஏரி வழக்கம்தான்."

தூதர் உத்தரீயத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அமைச்சரே, கொஞ்சம் யோசித்துப் பாரும். நாலாயிரம் வேலி வெறும் கரடு. அங்கே ஆளுக்கு எங்கே போவது? அதைக் கணக்கில் சேர்க்காதீர்."

"சேர்க்கவில்லை. டேய், சுருட்டுங்கள்!"

லாயத்துக்குப் போயிருந்த கருங்கரட்டு நாடு வாசற்படிக்குத் திரும்பி வந்தது.

"இன்னும் இரண்டாயிரம் வேலி உவர் நிலம். எறும்பு கூட ஊராது."

"சுருட்டுங்கள்."

"முள்ளுக்காடு இரண்டாயிரம் வேலி, ஆடுதான் மேய்கிறது..."

"ஆட்டின் தலையில் கூடை நிற்காது. சுருட்டுங்கள். இதோ ஐந்நூறு வேலி பச்சையாகத் தெரிகிறதே?"

"அது மன்னரின் வேட்டைக்காடு. அங்கே இருப்பது பன்றி!"

"பன்றி நன்றாகத் தோண்டுமே?"

"விளையாடாதீர், ஐயா!"

அதையும் சுருட்டினார்கள். கடைசியில் சபை நடுவில் மிஞ்சியது ஐந்நூறு வேலி நெல் வயல்.

"ஆக, நாங்கள் ஆயிரம், நீங்கள் ஐந்நூறு" என்றார் அம்பலக்கூத்தர். "மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் எங்களுக்கு. ஒரு பங்கு உங்களுக்கு. ஐந்நூறு ஆளை அனுப்பிவையுங்கள்."

"ஐந்நூறா?" தூதர் தலையைச் சொறிந்தார். "அதிலும் ஒரு இருநூறு வேலியை இந்த வருஷம் தரிசாகப் போடலாம் என்று..."

சொல்லிக்கொண்டே சேவகரை எதிர்பார்க்காமல் தாமே குனிந்து சுருட்டத் தொடங்கினார். அம்பலக்கூத்தர் சட்டென்று படத்தின் மேல் காலை ஊன்றிக்கொண்டார்.

"போதும் தூதுவரே, ஐந்நூறே இருக்கட்டும்."

தூதர் போனதும் வழுதிமாறன் மகுடம் சரியச் சரியச் சிரித்தான். தோளில் கிடந்த பட்டை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினான். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "அவர்தான் தாமாகவே குறைத்துக்கொண்டு போனாரே, ஏன் ஐயா காலைப் போட்டுத் தடுத்தீர்?"

"தடுக்காவிட்டால் நாடே இல்லை என்று சொல்லியிருப்பார், அரசே. அப்புறம் அவர்கள் பங்குத் தூரையும் நாமல்லவா வாரவேண்டும்!"